தூசி இல்லாத வீடு

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று தொடங்கினால், வண்டி எண், போகிற ஊர்கள், நடைமேடை எல்லாம் சொல்லி, "புறப்படத் தயாராக உள்ளது" என்று முடிக்கும் வரை அவளுக்கு ஒரே மூச்சு போதும். பேருந்து நிலையத்தின் மாடியில், கண்ணாடி பதித்த சின்ன அறையில் உட்கார்ந்து, இத்தனை வருடமாக அப்படித்தான் சொல்லி வந்தாள். அன்று காலை ஊர்ப் பெயர்களின் நடுவிலேயே மூச்சு அற்றுப்போனது. இருமல் வரவில்லை, வலியும் இல்லை. ஓடிக்கொண்டிருந்த குழாய்த் தண்ணீர் நின்றுபோனது போல, வாய் மட்டும் அசைந்தது. ஒலிபெருக்கியில் வெறும் இரைச்சல் கேட்டது. கீழே மூட்டைகளோடு நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். அவள் சுவிட்சை அணைத்துவிட்டு, மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முதுகை வளைத்துக் காற்றை இழுத்தாள். அது தொண்டையைத் தாண்டி ஓர் எல்லை வரைதான் போனது. அதற்குக் கீழே யாரோ கதவைச் சாத்தி வைத்திருந்த மாதிரி இருந்தது.

டீ குடிக்கக் கீழே இறங்கியபோது ஒரு ஓட்டுநர் கேட்டார்: "என்ன மைக்கம்மா, எங்க ஊரை மட்டும் முழுங்கிட்டீங்க? வண்டி அங்க போகாதுன்னு நெனச்சு ஒருத்தன் எறங்கியே போயிட்டான்."

"உங்க ஓட்டத்துக்கு அவன் நடந்தே போயிருப்பான்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பும் பாதியில் நின்றதை யாரும் கவனிக்கவில்லை.

மைக்கம்மா என்பது அங்கே அவளுக்கு ஒட்டிக்கொண்ட பெயர். அவளுடைய கணவரைக்கூட மைக்கம்மா வீட்டுக்காரர் என்றுதான் அவர்களுக்குத் தெரியும். கொஞ்ச நாளாகவே வீட்டு மாடிப்படி அவளுக்கு நீண்டுகொண்டே வந்தது. வறட்டு இருமல் வேறு. வயதாகிறது, அவ்வளவுதான் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மகள் வீட்டில் ஒரு வாரம் தங்கியிருந்தபோது இருமல் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. திரும்பி வந்த மறுநாளே ஆரம்பித்துவிட்டது. "சொந்த வீட்டைப் பார்த்ததும் இருமலுக்குத் தைரியம் வந்துடுச்சு பாருங்க" என்று கணவரிடம் சொன்னாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த உப்புத்தாளை மடித்து, பிரித்து, மறுபடியும் மடித்தார்.

அவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். பெரிய கட்டடங்களின் நடுவில் கிணறு மாதிரி இறங்கும் இருட்டில்தான் அவருடைய பகல் எல்லாம் போகும். முன்பு ஒரு தடவை, அப்படி ஒரு இருட்டில், கூட வேலை பார்த்தவர் அவர் கண் முன்னாலேயே விழுந்துவிட்டார். டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது இவர். வெளிச்சம் அந்த ஆளோடு கூடவே கீழே போனது என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு பேச்சு நின்றுவிட்டது. சாப்பிடுவார், வேலைக்குப் போவார், வருவார், சுவரைப் பார்த்து உட்காருவார். கேட்டதற்குத் தலையசைப்பார். வீட்டில் ஒரு மனிதர் இருக்கிறார் என்பதற்கு அவர் செருப்பு மட்டும்தான் சாட்சியாக இருந்தது. எத்தனையோ மாதம் அப்படிப் போனது. பிறகு ஒரு நாள், எந்தக் கடையில் பார்த்தாரோ, பால்சா மரத்தில் மாதிரி விமானம் செய்யும் பெட்டி ஒன்றை வாங்கி வந்து சாப்பாட்டு மேஜையில் பிரித்து வைத்தார்.

அதை மரம் என்று சொல்ல வாய் வராது. பலகை ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தால் ஏதோ இருக்கிறது என்று கண்தான் சொல்லும், கை சொல்லாது. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும். அவர் வரைபடத்தைப் பலகையில் விரித்து, பசை ஒட்டாமலிருக்க மேலே மெழுகுத்தாளைப் போட்டு, சவரப் பிளேடால் இறக்கையின் விலாக்களை ஒவ்வொன்றாக வெட்டி, குண்டூசி குத்தி நிறுத்தினார். அன்று சாயங்காலம், "இந்தப் பக்கத்தைக் கொஞ்சம் பிடி" என்றார். மைக்கம்மா பிடித்துக்கொண்டாள். அவருக்குப் போன குரல் திரும்பி வந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி போய்விடுமோ என்று பயமாக இருந்தது.

மகள் கல்யாணமாகிப் போனதும் அவளுடைய அறை பட்டறையானது. விமானங்கள் மேஜையிலிருந்து சுவருக்கும் சுவரிலிருந்து கூரைக்கும் ஏறின. வெட்டுகிற வேலையைவிடத் தேய்க்கிற வேலைதான் அதிகம். மரக்கட்டையில் உப்புத்தாளைச் சுற்றி மணிக்கணக்காகத் தேய்ப்பார். பவுடர் போல ஒரு தூள், வெள்ளையுமில்லாமல் மஞ்சளுமில்லாமல், எல்லாவற்றின் மேலும் படியும். தேய்க்கும்போது அவர் மூக்கில் துணி கட்டிக்கொள்வார். ஜன்னலைத் திறந்தால் இறக்கைக்கு ஒட்டக் காத்திருக்கும் மெல்லிய தாள்கள் பறந்துவிடும். அதனால் எப்போதும் ஜன்னல் சாத்தியே இருக்கும். மைக்கம்மா மதியம் பணி முடிந்து வந்து, அந்தச் சாத்திய அறையைப் பெருக்குவாள். துணி கட்டிக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கும் தோன்றியதில்லை, அவரும் சொன்னதில்லை. பெருக்குகிற வேலைக்கு யார் துணி கட்டுகிறார்கள்?

மைக்கில் மூச்சு நின்ற அந்த வாரமே இரண்டு பேரும் போய்ப் பார்த்த நுரையீரல் டாக்டர் சின்ன வயதுக்காரர். படத்தை வெளிச்சத்தில் மாட்டி, கீழ்ப்பகுதியில் வலை பின்னினாற்போல் இருந்ததைப் பேனாவால் காட்டினார். "இந்த இடமெல்லாம் தழும்பு விழுந்து கெட்டியாயிடுச்சும்மா. சில பேருக்கு ஏதாவது தூசி ஒத்துக்காம இப்படி ஆகும். வீட்ல புறா, கிளி ஏதாவது வளக்கறீங்களா?"

"இல்ல டாக்டர்."

"சுவத்துல பூஞ்சை? ஈரம்?"

"இல்ல."

"மரத்தூள்? யாராவது தச்சு வேலை, மர வேலை செய்றாங்களா வீட்ல?"

அவள் கணவர் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமலே அவரைப் பார்த்தாள். பக்கத்து நாற்காலியில், முழங்கால் மேல் கையை வைத்து உட்கார்ந்திருந்தார். சுண்டுவிரலில் காய்ந்துபோன பசையைக் கட்டைவிரல் நகம் உரித்துக்கொண்டிருந்தது. அவர் சொல்லட்டும் என்று இருந்தாள். சொன்னால் போதும். சொல்லிவிட்டாரென்றால், "அது ஒண்ணும் பெரிசா இல்ல டாக்டர், சும்மா பொழுதுபோக்கு" என்று அவளே குறுக்கே விழுந்து காப்பாற்றியிருப்பாள். சுவரில் மாட்டியிருந்த நுரையீரல் படத்தில் என்ன இருக்கிறதோ, அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் பேனாவைத் திறந்தபடி காத்திருந்தார். அந்த மௌனம் இன்னும் கொஞ்சம் நீண்டால், அவர் பேசாத அந்த மாதங்களெல்லாம் இந்த அறைக்குள் திரும்பி வந்துவிடும் போல அவளுக்குத் தோன்றியது.

"அப்படி ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றாள். "எங்க வீட்ல தூசியே இருக்காது."

கணவரின் கட்டைவிரல் நின்றது. காரணம் தெரியவில்லை என்று எழுதி, மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு அவர் மிகவும் நல்லவராகிவிட்டார். முன்பு கெட்டவர் என்று இல்லை. ஆனால் இது வேறு மாதிரி நல்லதனம். காலையில் எழுந்து அவளுக்கு வெந்நீர் வைத்தார். துணி துவைத்துப் போட்டார். மாடிப்படியில் அவளுக்குப் பின்னால், விழுந்தால் பிடித்துக்கொள்கிற தூரத்தில் ஏறினார். பட்டறையைப் பெருக்கும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டு, தூசி இழுக்கும் இயந்திரம் ஒன்றையும் வாங்கி வந்தார். சாயங்காலம் உள்ளே போனதும், கதவின் கீழ் இடுக்கில் ஈரத்துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டார். எல்லாம் செய்தார். நிறுத்துவதை மட்டும் செய்யவில்லை. அப்போது அவர் கட்டிக்கொண்டிருந்தது அவருடைய விமானங்களிலேயே பெரியது. இறக்கையை விரித்தால் அவரைவிட நீளம். அது முடிந்ததும் நிறுத்திவிடுவார் என்று அவள் நினைத்தாள். அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார். கூடத்தில் படுத்துக்கொண்டு, சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து உப்புத்தாள் போய் வருகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அந்தச் சத்தத்துக்கும் அவளுடைய மூச்சின் சத்தத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

பேருந்து நிலையத்தில் மேலாளர் நல்ல மனிதர். கொஞ்ச நாள் விசாரணை மேஜையில் உட்காரவைத்தார். அங்கேயும் பதில் சொல்ல முடியாமல் அவள் கையால் திசை காட்ட ஆரம்பித்ததும், "உடம்பைப் பாத்துக்கிட்டு வாங்க மைக்கம்மா, நாற்காலி எங்க போகுது" என்று வீட்டுக்கு அனுப்பினார். நாற்காலிக்கு வேறு ஆள் வந்துவிட்டதாக ஓட்டுநர்கள் போனில் சொன்னார்கள். பகல் முழுவதும் வீட்டிலேயே இருக்கத் தொடங்கிய பிறகு உடம்பின் இறக்கம் வேகமாக இருந்தது. குளித்துவிட்டு வந்தால் படுக்க வேண்டியிருந்தது. தலை வாரக் கையைத் தூக்கினால் உலகம் கறுத்தது.

மகள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். போனில் அம்மா ஒவ்வொரு வார்த்தையாகப் பேசுவதைக் கேட்டுவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்து நின்றாள். மருந்துச் சீட்டைப் பார்த்தாள். அம்மாவின் நீலம் பாரித்த விரல் நுனிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தன்னுடைய பழைய அறைக்குப் போகத் திரும்பியவள், கதவடியில் கிடந்த ஈரத்துண்டைப் பார்த்து அப்படியே நின்றாள். குனிந்து எடுத்தாள். துண்டின் ஒரு பக்கம் பச்சை நிறம், மறுபக்கம் மாவு அப்பினாற்போல் இருந்தது.

அப்பா அடுக்களையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். அவள் துண்டோடு போய் அவர் பின்னால் நின்றாள்.

"டாக்டர் தூசியைப் பத்திக் கேட்டாராப்பா?"

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"கேட்டார்" என்று கூடத்திலிருந்து மைக்கம்மா சொன்னாள். "நாந்தான் இல்லன்னேன்."

"நீ சும்மா இரும்மா. நான் அப்பாவைக் கேக்கறேன். நீங்களும் அங்கதானே இருந்தீங்க?"

அவர் குழாயை மூடினார். கையைத் துடைத்தார். மகளைத் தாண்டி, மனைவியைத் தாண்டி, பட்டறைக்குள் போனார். பிறகு முதல் விமானத்தை இறக்கிக் கொண்டுவந்து, பின்பக்க வாசலில் விரித்த சாக்கில் போட்டார். சாக்கு கொள்ளவில்லை. காலால் மிதித்தார். விலாக்கள் முறிகிற சத்தம், உலர்ந்த சருகை மிதித்தது போல, லேசாகத்தான் கேட்டது. ஒவ்வொன்றாக எடுத்து வந்தார். மகள் தடுக்கவில்லை. கதவில் சாய்ந்து அழுதுகொண்டு நின்றாள். மைக்கம்மா எழுந்துபோய்த் தடுக்க நினைத்தாள். எழுந்தாள். மூன்று எட்டு வைப்பதற்குள் கண் இருட்டிவிட்டது. அன்று பொழுது சாய்வதற்குள் அறையில் மேஜையும், மேஜை மேல் அந்தப் பெரிய விமானமும் மட்டும்தான் மிச்சம். அதை மிதிக்க அவருக்கு மனம் வரவில்லையா, களைத்துவிட்டாரா, தெரியவில்லை. வாசலில் அடைத்து வைத்த சாக்குகளை மறுநாள் குப்பை வண்டிக்காரர் ஒரே கையால் தூக்கிப் போட்டார். "என்ன சார், காத்தை அடைச்சு வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

டாக்டரிடம் இந்தத் தடவை மகள் சொன்னாள், ஒன்று விடாமல். அவர் கோபப்படவில்லை. "இதை அப்பவே சொல்லியிருந்தா" என்று ஆரம்பித்து, மைக்கம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "இனிமே கூடாம பாத்துக்கலாம்மா. ஆன தழும்பு ஆனதுதான்." வீட்டுக்கு ஆக்சிஜன் இயந்திரம் வந்தது. வெளியே போக வர, தோளில் மாட்டுகிற சின்ன சிலிண்டர். கணவர் இயந்திரத்தை ஒரே நாளில் படித்துவிட்டார். குழாயில் மடிப்பு விழாமல் சுவரோரமாக ஓட்டி, கொக்கி அடித்து, அவளுடைய காதுகளுக்குப் பின்னால் அது உரசுகிற இடத்தில் பஞ்சு வைத்துக் கட்டினார். லிஃப்ட் கம்பியைப் பார்க்கிற கவனம்.

அப்படி ஒரு காலை நேரம், அவர் காதுக்குப் பின்னால் பஞ்சை மாற்றிக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள். கேட்க வேண்டும் என்று திட்டமிடவில்லை.

"அன்னிக்கு டாக்டர்ட்ட ஏங்க வாயைத் தொறக்கல?"

அவர் கை நிற்கவில்லை. பஞ்சைச் சரியாக வைத்து முடித்துவிட்டு, அவள் முகம் தெரியாதபடி பின்னாலேயே நின்றுகொண்டு சொன்னார்: "நீ சொல்லுவேன்னு இருந்தேன்."

"நீங்க சொல்லுவீங்கன்னு நான் இருந்தேன்."

இயந்திரம் உஸ்ஸென்று ஊதிக்கொண்டிருந்தது.

"நீ இல்லன்னு சொன்னதும்," என்றார். குரல் எங்கோ கீழேயிருந்து ஏறி வருவது போல இருந்தது. "எனக்கு அப்பாடான்னு இருந்துது. அதான் நெஜம். அதை என்னன்னு சொல்றது, தெரியல."

தனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. அழுவதற்கும் மூச்சு வேண்டும். அவர் பொய் சொல்லியிருக்கலாம் என்று மட்டும் தோன்றியது. இத்தனை நாள் பேசாமலிருந்தவர், இதையும் பேசாமலிருந்திருக்கலாம்.

சில நாள் இரண்டு பேரும் தேவைக்கு மட்டும் பேசினார்கள். மாத்திரை, சாப்பாடு, ஜன்னல். ஜன்னல்கள் எல்லாம் இப்போது திறந்தே கிடந்தன. ஒரு நாள் அவர் மேஜையையும் அந்த விமானத்தையும் எடுத்துவிட்டு, வெளிச்சம் நன்றாக வரும் அந்த அறையில் அவளுக்குக் கட்டில் போடலாம் என்றார். விமானத்தைச் சாக்கில் போட்டுவிடுவதாகச் சொன்னார்.

"வேலை முடிஞ்சுதா அது?" என்று கேட்டாள்.

"தாள் ஒட்டியாச்சு. பறக்கவிட்டுப் பாக்கல."

"பறக்கவிட்டுட்டு என்ன வேணா பண்ணுங்க."

"விடு. எதுக்கு இப்ப?"

"என் மூச்சுல பாதி அதுலதான் இருக்கு" என்றாள். "பறக்குதான்னு நான் பாக்க வேணாமா?"

அடுத்த விடுமுறை நாளில் அவர் கம்பெனி வேனைக் கேட்டு வாங்கி வந்தார். விமானத்தைப் பழைய போர்வையில் படுக்கவைத்து, அவளை முன்னிருக்கையில் உட்காரவைத்து, சிலிண்டரைக் காலிடுக்கில் நிறுத்தினார். ஊரெல்லை தாண்டி, அறுவடை முடிந்து வெறுமையாகக் கிடந்த நிலத்தின் ஓரத்தில் வேனை நிறுத்தினார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டு, கால் நீட்டி வசதியாக உட்கார்ந்திருக்கிறாளா என்று பார்த்தார். சிலிண்டரில் இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று முள்ளைப் பார்த்தார்.

"ரொம்ப நேரம் ஆகாது" என்றார். "அஞ்சாறு சுத்து சுத்திட்டு இறங்கிடும். கிளம்பிடலாம்."

வால் பக்கத்தில் தொங்கிய ஒரு நூலை அவள் கவனித்தாள். அது என்ன என்று கேட்டாள்.

"திரி. பத்தவெச்சு விட்டா, மேல போயி எரிஞ்சு, வாலைக் கட்டியிருக்கற நூலை அறுக்கும். வால் தூக்கிக்கும். அப்படியே மெதுவா இறங்கிடும். இது இல்லன்னா, சூட்டுக் காத்துல மாட்டுச்சுன்னா கீழ வராது. போயிட்டே இருக்கும்."

சிலிண்டர் இருப்பதால் தீப்பெட்டியோடு தூரமாகத் தள்ளிப் போனார். அவர் முட்டிபோட்டு உட்கார்ந்து, மூக்கிலிருந்த சுழலியில் கைத்துளைப்பானை மாட்டி, அதைச் சுழற்றுகிற ரப்பரை முறுக்கினார். சுற்றச் சுற்ற ரப்பர் முடிச்சு முடிச்சாகத் திரண்டது. அவர் முகத்தில் இருந்ததெல்லாம் வழிந்து போய், வெறும் கவனம் மட்டும் மிஞ்சியது. அந்த நேரத்துக்கு அவள் அங்கே இருப்பது அவருக்கு நினைவில் இல்லை. அவளுக்கு அது கோபத்தைத் தரவில்லை. டாக்டர் அறையில் அவள் காப்பாற்ற நினைத்தது இந்த முகத்தைத்தான். தீப்பெட்டியை எடுத்தார். ஒரு குச்சியை உரசினார். சுடரைத் திரிக்குப் பக்கத்தில் கொண்டு போனவர், கையை நிறுத்தி, ஊதி அணைத்துவிட்டார்.

"பத்தவைக்கலையா?" என்று அவள் கையால் கேட்டாள்.

"போகட்டும்" என்று அங்கிருந்தே சொன்னார். "அது நம்ம வீட்டுக்குத் திரும்பி வர வேணாம்."

எழுந்து, இரண்டு அடி நடந்து, தோளுக்கு மேலே தூக்கி, எறியாமல் சும்மா விட்டார். அது அவர் கையிலிருந்து தானாகக் கழன்றுகொண்டது. முதலில் தரைக்குச் சமமாக ஓடி, பிறகு மூக்கைத் தூக்கி, வளைந்து வளைந்து ஏறியது. சத்தமே இல்லை. வெயில் பட்டதும் தாளுக்கு உள்ளே விலாக்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. இவ்வளவு அழகாக இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. அழகாக இல்லாமலிருந்தால் நன்றாக இருந்திருக்கும். விசை தீர்ந்து சுழலி நின்ற பிறகும் அது இறங்கவில்லை. நிலத்தின் சூடு அதை உள்ளங்கையில் வைத்துத் தூக்குவது போல, சுற்றிச் சுற்றி மேலே போய்க்கொண்டிருந்தது. காற்று அந்த வட்டங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழக்கே தள்ளியது.

அவர் இடுப்பில் கை வைத்து அண்ணாந்து நின்றுகொண்டிருந்தார். பிறகு அவருடைய ஒரு கால் முன்னால் போனது. இன்னொரு கால். அவர் அறிந்து நடந்தார் என்று அவளால் சொல்ல முடியாது. தலை வானத்தில் இருந்தது, கால்கள் தாமாக அடிக்கட்டைகளின் மேல் நடந்தன. நடை வேகமானது. ஓட ஆரம்பித்தார். இந்த வயதில் அவர் இப்படி ஓடுவார் என்று அவளுக்குத் தெரியாது. தடுக்கி விழப் போய், கையை ஊன்றி, மேலே பார்த்த பார்வையை எடுக்காமலே எழுந்து ஓடினார். ஒரு வரப்பில் ஏறி இறங்கினார். அடுத்ததில் ஏறினார். அந்தப் பக்கம் நிலம் தாழ்வாக இருந்திருக்க வேண்டும். முதலில் கால்கள் மறைந்தன, பிறகு முதுகு, பிறகு தலை.

வேனின் சாவி அவர் சட்டைப்பையில் இருந்தது. சாலையில் ஆள் நடமாட்டம் இல்லை. மைக்கம்மா விமானத்தைத் தேடினாள். வெளிச்சத்தில் ஒரு புள்ளி இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. கண்ணைக் கீழே கொண்டுவந்து சிலிண்டர் முள்ளைப் பார்த்தாள். குனிவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. குனிந்து, திருகைப் பிடித்து, அவர் வரும் வரை தாங்கும்படி, காற்று வருவதை ஒரு சுற்றுக் குறைத்து வைத்தாள். பிறகு இருக்கையில் சாய்ந்து, வாயைத் திறந்து, அளந்து அளந்து மூச்சு விட்டபடி, யாருமில்லாத அந்த வரப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.